கணக்குக் கொப்பியின் பின்பக்கம்

போன சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்தது. மகளுக்குச் சாதாரண தரத்தில் 9 ஏ. உயர்தரத்துக்கு என்ன பாடம் எடுப்பது என்பதுதான் வீட்டில் சண்டை. "பயோ எடுக்கட்டும், இங்கே மெடிசின் கிடைக்காவிட்டால் வெளிநாட்டில் பார்ப்போம்" என்கிறாராம் டொராண்டோ மாமா. மகளோ கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் சித்திரக்கதை வரைகிறாள்.

அம்மா அழுதார். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா, "இவள் கும்பிடுகிற ஜப்பான் சித்திரக்கதைக்காரர் தெசுகாவே முதலில் டாக்டருக்குப் படித்தவர்தானே?" என்று மடக்கினார்.

சரி, அந்தக் கதையையே பார்ப்போம். 1928இல் பிறந்த ஒசாமு தெசுகா ஒசாக்காவில் மருத்துவம் படித்தது உண்மை. ஆனால் 1946இலேயே அவருடைய சித்திரத் தொடர் பத்திரிகையில் வந்துவிட்டது. அடுத்த வருடம் வந்த புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. படிப்பு முடியுமுன்பே பெயரெடுத்த ஓவியர் அவர். இரண்டில் எது என்று தடுமாறியபோது, பிடித்ததைச் செய் என்று சொன்னவர் அவருடைய அம்மா. வைத்தியராகத் தொழில் செய்யவே இல்லை. 1973இல் தொடங்கிய பிளாக் ஜாக் என்ற சித்திரக்கதையில் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரைக் கதாநாயகனாக்க அந்தப் படிப்பு உதவியது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வெளிநாட்டு மெடிசினுக்கு நீங்கள் வீட்டை ஈடு வைப்பதா?

அவ்வளவு தூரம் ஏன்? 1963இல் சிரித்திரன் என்ற நகைச்சுவைச் சஞ்சிகையைத் தொடங்கிய நம்முடைய கேலிச்சித்திரக்காரர் சுந்தர், கட்டடக்கலை படிக்கப் பம்பாய் போனவர். அவர் வரைந்த சவாரித் தம்பர் என்ற பாத்திரத்தின் பெயரைச் சொன்னதும் அப்பாவே சிரித்துவிட்டார்.

சீமா என்ற கணக்கியல் படிப்பு, ஐ.டி. பற்றியெல்லாம் நான் பேசவில்லை. காலி வீதி நெடுக அதற்கு விளம்பரப் பலகை இருக்கிறது. யாரும் சொல்லாத இடம் மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறது: கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். கட்புலக் கலையை, அதாவது ஓவியம் போன்ற கண்ணால் காணும் கலைகளை, தமிழிலேயே படிக்கலாம். அரச பல்கலைக்கழகம், படிப்புக் கட்டணம் இல்லை. கொழும்புக் கோட்டையில் உதயதேவி ரயிலில் ஏறினால் நேரே மட்டக்களப்பு. உயர்தரத்தில் சித்திரம் ஒரு பாடமாக இருக்கட்டும். அப்புறம் உளச்சார்புப் பரீட்சை ஒன்று உண்டு. அங்கே புள்ளியோடு கையும் பேச வேண்டும்.

அந்தக் கைக்கு இப்போதே வேலை கொடுக்கலாம். மாதம் ஒரு கதை, நான்கே பக்கம், முடிவோடு. பாதியில் விட்ட நாற்பது பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். அவளுடைய கொப்பியில் ஒரு பழக்கத்தைக் கண்டேன். முதலில் பாத்திரம் பேசுவதை எழுதும் பலூனை அழகாக வரைகிறாள், பிறகு வசனத்தைத் திணிக்கிறாள். "போய்க்கொண்டிருக்கிறேன்" என்ற ஒரு சொல்லே பலூனை நிரப்பி, கடைசி எழுத்துகள் எறும்பாகிவிட்டன. தமிழுக்கு வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றித்தான் பலூனைப் போட வேண்டும். ஆள் நிற்க மிச்ச இடம். சொன்னதும் பென்சிலை எடுத்துவிட்டாள். அரை மணித்தியாலம் எங்களை நிமிர்ந்தே பார்க்கவில்லை. உயிரியல் என்ற பேச்சு வந்தபோது அதே பிள்ளை கதிரையின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன்.

வருமானம்? சித்திரக்கதையை மட்டும் நம்பி இங்கே அடுப்பு எரியாது. அதை மறைத்து உங்களிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் விளம்பரப் படம் எடுக்குமுன் அதைக் கட்டம் கட்டமாக வரைந்து காட்ட ஆள் வேண்டும். சிறுவர் நூல், பாட நூல், அனிமேஷன் எல்லாவற்றுக்கும் கதையைப் படமாக யோசிக்கிறவர் வேண்டும். சம்பளம் மெதுவாகத்தான் ஏறும்.

செலவில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெளிநாட்டு மெடிசினுக்குக் கோடிக்கணக்கில் கடன் வேண்டாம், அதுவும் பிள்ளை கேட்காத படிப்புக்கு. லட்ச ரூபாய் டிராயிங் டேப்லெட்டும் இப்போது வேண்டாம், அவளே கேட்டாலும். கடதாசியும் ஒரு கறுப்பு மையும் இரண்டு வருடத்துக்குப் போதும்.

அடுத்த மாதம் நான்கு பக்கத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்கு என் நம்பரைக் கொடுங்கள். கொழும்பு நேரம் இரவு எட்டுக்குப் பிறகு எடுக்கட்டும்.