படுக்கப் போகும் முன் மீட்டரைப் பாருங்கள்: டர்பன் வீட்டுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பது வருடத்துக்கு மேல் பிளம்பர் வேலை பார்த்தவன் நான். சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று எத்தனையோ வீடுகளில் சீலிங்குக்கு மேலே ஏறி கீசர் மாட்டியிருக்கிறேன். கோவில் மண்டபத்தில் பேசப் போனபோது சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் நிறைய. அன்று நேரம் போதவில்லை. மிச்சத்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர்தான். ஆனால் தண்ணீர் பில் பெரிய குடும்பத்துக்கு வருகிற மாதிரி வருகிறது. எங்கே தேடுவது? (பீனிக்ஸிலிருந்து ஓர் அக்கா)

அக்கா, முதலில் எதையும் வாங்காதீர்கள். இன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மீட்டர் எண்ணை, சிவப்பு இலக்கங்களையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். காலையில் யாரும் குழாயைத் தொடுவதற்கு முன் மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டிதான் காரணம். சொட்டுச் சத்தம் கேட்காது, தரை நனையாது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, கிண்ணத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டிக் கண்ணாடி மாதிரி தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். தொட்டிக்குள் கேசரிப் பவுடரோ வேறு உணவு நிறமோ கொஞ்சம் போட்டு அரைமணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் இறங்கினால் வாஷரை மாற்ற வேண்டும். ஒரு வீட்டில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை 84 லிட்டர் ஓடியிருந்தது. மணிக்கு 12 லிட்டர். மாதக் கணக்கில் எட்டாயிரம் லிட்டருக்கு மேல். நம் மாநகராட்சியில் தண்ணீர் விலை படிப்படியாக ஏறும் கணக்கு. கசிவு உங்களை மேல் படிக்குத் தள்ளிவிட்டால் மேலே போன ஒவ்வொரு லிட்டருக்கும் கூடுதல் விலைதான்.

தொட்டிக்குள் செங்கல் போட்டால் தண்ணீர் மிச்சமாகுமா?

செங்கல் வேண்டாம். ஊறிக் கரைந்து, அந்தத் தூள் போய் வாஷரைக் கெடுக்கும். இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, இறுக மூடி, மிதவையில் இடிக்காத மூலையில் வையுங்கள். பழைய பெரிய தொட்டிகளுக்கு இது சரி. வைத்த பிறகு இரண்டு தடவை ஃபிளஷ் செய்ய வேண்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

கீசரை நாள் முழுக்க ஆனில் விடுவது நல்லதா, அணைத்து அணைத்துப் போடுவது நல்லதா? எங்கள் வீட்டில் இதற்கு ஓயாத சண்டை. (சாட்ஸ்வர்த்)

கணவர் ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம் நிற்கிற இந்தச் சண்டையை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அணைப்பவர் பக்கம்தான் நியாயம்.

கணக்கைப் பாருங்கள். 150 லிட்டர் கீசரில் 20 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 7 யூனிட் ஆகும். உள்ளே தண்ணீரைச் சுடவைக்கும் எலிமென்ட் 3 கிலோவாட் என்றால் இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. எப்போது சுடவைத்தாலும் இந்த 7 யூனிட் மாறாது. மாறுவது, சுட்ட தண்ணீர் சும்மா கிடந்து ஆறுவதால் வரும் நஷ்டம். யாருமே குளிக்காத பகல் முழுக்க தெர்மோஸ்டாட் திரும்பத் திரும்ப ஓடி அந்தச் சூட்டை ஈடுகட்டுகிறது. குளிக்கும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போட்டு, பிறகு அணைத்துவிடுங்கள். தினமும் எழுந்துபோய்ப் போட முடியாது என்றால் டிபி போர்டில் (வீட்டு மின்சுவிட்சுகள் இருக்கும் பெட்டியில்) ஒரு டைமர் வைக்கச் சொல்லுங்கள். மாலை 5 மணியிலிருந்து 9 மணி வரை நாடு முழுக்கக் கரண்ட் இழுக்கிற நேரம், அந்த நேரத்தைத் தவிர்ப்பது எல்லோருக்கும் நல்லது. லோட் ஷெடிங் என்று முறை வைத்துக் கரண்டை நிறுத்திய நாட்களில் கரண்ட் திரும்பிய நிமிடமே தெரு முழுக்க கீசர்கள் ஒன்றாக எழுந்து மறுபடி டிரிப் ஆனதை நாம் எல்லோரும் பார்த்தோமே.

மிச்சம் பிடிக்கிறேன் என்று தெர்மோஸ்டாட்டை 45, 50 டிகிரிக்கு இறக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற நுரையீரலைத் தாக்கும் கிருமி வளரும். 60 டிகிரியில் வையுங்கள். கீசருக்குப் போர்வையும், அதிலிருந்து இறங்கும் சுடுதண்ணீர்க் குழாயின் முதல் சில அடிகளுக்கு ஃபோம் உறையும் போட்டால் போதும். உறை விலை குறைவு, ஆனால் பத்தில் ஒன்பது வீட்டில் அந்தக் குழாய் வெறுமையாகத்தான் கிடக்கிறது. கையால் தொட்டுப் பாருங்கள், சுடுவது உங்கள் பணம்.

தமிழ்நாட்டு வீடியோவில் சோலார் பேனலைத் தெற்குப் பக்கம் வைக்கச் சொல்கிறார்கள். அப்படியே செய்யலாமா? (ஐசிப்பிங்கோவிலிருந்து ஒரு தம்பி)

வேண்டாம் தம்பி! அவர்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறார்கள், நாம் தெற்கே. நமக்குச் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்து போகும். சோலார் கீசரோ பேனலோ, டர்பனில் வடக்கைப் பார்க்க வேண்டும். தெற்கைப் பார்த்து மாட்டினால், சுடுதண்ணீர் மிக வேண்டியிருக்கும் நம் குளிர்காலமான ஜூன், ஜூலையில்தான் அது ஏமாற்றும்.

மழைத்தண்ணீர்த் தொட்டி வாங்கலாமா? (டொங்காட்)

2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் ஊர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, மாதக் கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றவர்கள் நீங்கள். உங்களுக்குத் தண்ணீரின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. இடமும் பணமும் இருந்தால் வாங்குங்கள் என்பேன்.

100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். இங்கே கோடையில் ஒரே சாயங்காலத்தில் அவ்வளவு பெய்துவிடும், தொட்டி நிரம்பி வழியும். குளிர்காலம்தான் வறட்சி. அப்போதைக்கும் சேர்த்து நினைத்து அளவைத் தேர்ந்தெடுங்கள். 2,500 லிட்டர் தண்ணீர் என்றால் இரண்டரை டன் எடை. மேடை மட்டமாகவும் கெட்டியாகவும் இல்லாவிட்டால் தொட்டி சாயும், சாய்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். தண்ணீர் புகும் வாயில் கொசு போகாத வலை கட்டுங்கள். முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள், கூரையில் குரங்கும் பறவையும் விட்டுப்போனதெல்லாம் அதில்தான் வரும். சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் மாநகராட்சி கட்டிய பழைய கவுன்சில் வீடுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அந்தத் தண்ணீர் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் மட்டும்.

இன்னொன்று, இது யாரும் கேட்காமல் நான் சொல்வது. தண்ணீர் நின்ற நேரத்தில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடாமல் வேலைக்குப் போய்விடுவார்கள். மதியம் தண்ணீர் வந்து வீடு முழுக்கக் குளமாகியிருக்கும். தண்ணீர் நின்றதும் எல்லாக் குழாயையும் மூடுங்கள், டிபி போர்டில் கீசரையும் அணையுங்கள். தண்ணீர் திரும்ப வந்ததும் முதலில் தோட்டத்துக் குழாயைத் திறந்து காற்றும் கலங்கலும் போகவிடுங்கள். அந்தக் கலங்கல் தண்ணீரையும் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம்.

ஷவரா, வாளியா?

வாளியும் சொம்பும்தான். ஒரு வாளி 15 லிட்டர், 20 லிட்டர். உங்கள் ஷவரை ஒரு நிமிடம் வாளியில் பிடித்துப் பாருங்கள். பழைய ஷவர் தலையில் நிமிடத்துக்கே 15 லிட்டர் வரலாம். கேப்டவுனில் 2018 வறட்சியின்போது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு போட்டார்கள். அந்த ஷவரில் நான்கு நிமிடம் கூட நிற்க முடியாது.

சுகர் பீன்ஸ் (காய்ந்த பீன்ஸ் விதை) வேகவே ஒன்றரை மணி நேரம் ஸ்டவ் எரிகிறது. வழி உண்டா? (வெருலத்திலிருந்து ஓர் அம்மா)

உண்டு அம்மா. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, செய்தது இது. ராத்திரி ஊறவைத்த பீன்ஸை, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இருபது நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிடுவார். பிறகு மூடியைத் திறக்காமல் அப்படியே இறக்கி, செய்தித்தாள் பரப்பிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பழைய கம்பளியால் மேலும் கீழும் பக்கமும் இடுக்கு இல்லாமல் அமுக்கி மூடுவார். மூன்று, நான்கு மணி நேரம் கழித்துத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், பீன்ஸ் விரலுக்குள் நசுங்கும். அப்புறம் தாளித்து மசாலா சேர்த்து ஒரு கொதி. பானை முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும், கொஞ்சமாகச் செய்தால் சூடு நிற்காது. ஆரம்பக் கொதியைக் குறைக்காதீர்கள், அரைவேக்காட்டு பீன்ஸ் வயிற்றைப் புரட்டிவிடும். பருப்புக்கு ஐந்து, பத்து நிமிடக் கொதியே போதும்.

சமையலறைக் கழிவை உரமாக்கினால் குரங்கு வருகிறது, எலி வருகிறது. கருப்புப் பையில் போட்டுவிடலாமே?

அந்த மாதிரிப் பைகள் முன்பு எங்கே போயின என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கிளேர் எஸ்டேட்டில், நம் மக்கள் குடியிருந்த தெருக்களுக்கு எதிரே, 1980இல் பிசாசர் ரோடு குப்பைமேட்டைத் திறந்தார்கள். அதை மூடச் சொல்லி, அதன் எதிரிலேயே குடியிருந்த சஜிதா கான் பல வருடம் போராடி, 2007இல் புற்றுநோயால் இறந்தார். நாம் போடும் சோறும் காய்கறித் தோலும் காற்றில்லாமல் அடியில் அழுகினால் மீத்தேன் வாயுவாகும். அந்த வாயுவை எடுத்துத்தான் அங்கே மின்சாரம் செய்தார்கள். வீட்டுக்குள் உரமாகியிருக்க வேண்டியது அது.

குரங்குக்கு வழி இருக்கிறது. மூடியுள்ள டிரம்மின் அடியில் துளை போட்டு, கீழே கோழிவலை விரித்து, மூடிமேல் இரண்டு செங்கல் வையுங்கள். சமைத்த சோறு, எண்ணெய், மீன், இறைச்சி உள்ளே போகக் கூடாது. எலியை அழைப்பது அவைதான். ஒவ்வொரு முறையும் பச்சைக் கழிவின் மேல் காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ அதைவிடக் கூடுதலாகப் போட்டு மூடினால் நாற்றம் வராது. பூஜைப் பூவையும் போடலாம், நூலையும் பிளாஸ்டிக்கையும் எடுத்துவிட்டு.

புரட்டாசிச் சனிக்கிழமைக்கு ஐம்பது பேர் சாப்பிட வருகிறார்கள். தட்டு?

வாழை இலை. டர்பனில் கொல்லையில் வாழை இல்லாத தெரு எங்கே இருக்கிறது? பக்கத்து வீட்டில் கேளுங்கள், தருவார்கள். தெர்மோகோல் தட்டு வேண்டவே வேண்டாம். வடை சுட்ட எண்ணெயைச் சிங்கில் ஊற்றாதீர்கள், ஆறியதும் பாட்டிலில் அடைத்து வையுங்கள். உறைந்த எண்ணெயைக் குழாயிலிருந்து கம்பிவிட்டு இழுத்தே என் முதுகு போனது.