வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதிப்பது கொலையா?

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது. நுரையீரல் புற்றுநோய் உடம்பெங்கும் பரவிவிட்டது. நினைவில்லாமல் வென்டிலேட்டரில் இருக்கிறார். இனி மீள வழியில்லை, கருவியை எடுத்துவிடலாமா என்று டாக்டர்கள் கேட்கிறார்கள். 'இப்படிக் கிடப்பதற்கு ஓர் ஊசி போட்டு அனுப்பிவிடலாம்' என்கிறார் அண்ணன். நான் அகிம்சையை நெறியாகக் கொண்டவன். சம்மதித்தால் அப்பாவைக் கொன்றவன் ஆவேனா?

பதில்: ஆக மாட்டீர்கள். ஆனால் டாக்டர்கள் கேட்பதும் அண்ணன் கேட்பதும் ஒன்றல்ல.

கருவியை எடுத்தால் அப்பா தன் நோயால் இறப்பார். ஊசி போட்டால் ஊசியால் இறப்பார். 'எப்படியும் சாவுதானே, இதில் என்ன வித்தியாசம்?' என்று வாதிடும் தத்துவவாதிகள் இருக்கிறார்கள். அதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. சொத்துக்காகக் கருவியைப் பிடுங்குகிறவன் கொலைகாரன்தான். ஆகவே கை என்ன செய்தது என்பதோடு, யாருக்காகச் செய்தது என்றும் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்வி காந்தியையும் உலுக்கியிருக்கிறது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத நோயில் துடித்தது. டாக்டரை அழைத்து, தன் முன்னிலையிலேயே நஞ்சூசி போட்டு அதன் துன்பத்தை முடிக்கச் செய்தார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கன்றின் நலனுக்காகவே செய்ததால் அது அகிம்சை என்றார். பயிரை அழிக்கும் குரங்குகளை நம் லாபத்துக்காகக் கொன்றால் அது இம்சைதான் என்றும் சேர்த்தே சொன்னார். இப்படி உயிர் நீக்க நான்கு நிபந்தனைகளும் வைத்தார்: நோய் தீராததாக இருக்க வேண்டும், எல்லோரும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும், எந்தப் பணிவிடையும் பயன்படாத நிலை வேண்டும், தன் விருப்பத்தை வெளியிட முடியாத உயிராக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடாது.

அண்ணனின் யோசனை மூன்றாவதில் தடுக்கி நிற்கிறது. மனிதருக்குப் பணிவிடை செய்ய ஏறக்குறைய எப்போதும் வழி உண்டு என்பதைக் காந்தியே ஒப்புக்கொண்டார். இன்று அந்த வழி இன்னும் அகலம். மார்ஃபின் வலியையும் மூச்சுத் திணறலையும் தணிக்கும். அதற்கும் அடங்காத வேதனைக்கு, ஆழ்ந்த உறக்கத்தில் வைக்கும் மருந்துகள் உண்டு. வலி தணிப்பு மருத்துவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். துன்பத்தைத் தணிக்க முடியும்போது துன்பப்படுபவரையே நீக்குவதை அகிம்சை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்தியச் சட்டமும் ஊசியை அனுமதிப்பதில்லை.

கருவியைத் தொடர்வதும் இம்சையாகலாம் என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. தொண்டையில் குழாய், அதைப் பிடுங்காமலிருக்கக் கட்டிய கைகள், சளியை உறிஞ்ச ஒவ்வொரு முறையும் நுழையும் குழல், ஊசி மேல் ஊசி. குணமாகும் வாய்ப்பு இருந்தால் இதெல்லாம் சிகிச்சை. இல்லாதபோது, விடைபெறும் உடம்பின் மேல் நாம் சுமத்தும் வேதனை. 'எனக்குக் குழாயெல்லாம் வேண்டாம்' என்று அப்பா முன்பு எப்போதாவது சொல்லியிருந்தால், அதை மீறுவதும் வன்முறைதான். அம்மாவையும் அப்பாவின் நண்பர்களையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகப் பாருங்கள். 'இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை' என்பது நம் வலி. அதில் தவறில்லை, ஆனால் அதை முடிக்க அப்பாவின் உயிர் விலையாகக் கூடாது. அதேபோல், 'பழி வந்துவிடுமோ' என்ற பயத்தில் கருவியை நீட்டிப்பதும் நமக்காகத்தான், அவருக்காக அல்ல.

இந்தியாவில் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்க 2018 மார்ச் 9இல் உச்ச நீதிமன்றம் வழிவகுத்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்ப வேண்டும். இந்தப் பொறுப்பு உங்கள் தலையில் மட்டும் விழுவதில்லை.

சம்மதிக்கும் முன் டாக்டர்களிடம் கேளுங்கள்: குழாயை எடுப்பதற்கு முன்பே மூச்சுத் திணறலுக்கு மருந்து தருவீர்களா? நாங்கள் பக்கத்தில் இருக்கலாமா? பிறகு எந்த அறையில் வைப்பீர்கள், யார் கவனிப்பார்கள்? எடுத்த சில நிமிடங்களிலும் உயிர் பிரியலாம், சில நாட்களும் ஆகலாம். நாட்கள் நீண்டால் முடிவு தவறோ என்று குழம்ப வேண்டாம். வாயை ஈரப்படுத்துவது, புரட்டிப் படுக்கவைப்பது, வலி மருந்து ஆகியவை அப்படியே தொடரட்டும். அந்தப் பேச்சில் அண்ணனையும் உட்காரவையுங்கள். இப்படியொரு வழி இருப்பது தெரியாமல்தான் அவர் ஊசியைக் கேட்டிருக்கக்கூடும்.