கொள்ளையர் ஏறினால் சீனக் கப்பல் உதவிக்கு வருமா?

கேள்வி: என் மகன் சரக்குக் கப்பல் வேலைக்குப் போகிறான். கப்பல் ஏடன் வளைகுடா வழியாகப் போகுமாம். அங்கே நிற்கும் இந்திய, சீன, பாகிஸ்தான் கடற்படைகள் ஒன்றுக்கொன்று ஆகாதவை ஆயிற்றே, ஆபத்துக்கு வருமா? கடற்படைப் பாதுகாப்புக்கென்று ஏஜென்ட் தனியாக 40,000 ரூபாய் கேட்கிறார். - தூத்துக்குடி வாசகர்

பதில்: வருவார்கள். நடுக்கடலில் கொள்ளையரைப் பிடிக்க எந்த நாட்டுப் போர்க்கப்பலுக்கும் உரிமை உண்டு. 2017 ஏப்ரலில் மலேசியாவிலிருந்து ஏடனுக்குப் போன 'ஓஎஸ் 35' கப்பலில் இரவில் கொள்ளையர் ஏறினார்கள். பிலிப்பைன்ஸ் மாலுமிகள் காப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார்கள். இந்தியப் போர்க்கப்பல்களான ஐ.என்.எஸ். மும்பையும் தர்காஷும் விரைந்தன. பாகிஸ்தான், சீனக் கப்பல்களும் வந்தன. சீன வீரர்கள் 18 பேர் கப்பலில் ஏறிச் சோதனையிட, மேலே இந்திய ஹெலிகாப்டர் காவலுக்குப் பறந்தது. இரண்டே மாதத்தில் டோக்லாம் எல்லைப் பகுதியில் இதே இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பிடித்த பிறகுதான் கோளாறு. எந்த நாட்டில் வழக்கு நடத்துவது என்று முடிவாகாமல், ஆயுதத்தைப் பறித்துவிட்டு ஆளை விட்டுவிட்ட கடற்படைகள் உண்டு. நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் நிறைவேறவே 2022 ஆனது. இத்தனை வருடம் என்னதான் செய்தார்களோ!

ஒரு விஷயத்தில் மட்டும் என் பதில் செல்லாது: செங்கடலிலும் அதை ஒட்டிய ஏடன் வளைகுடாவிலும் ஹூதிகள் (யேமன் நாட்டு ஆயுதக் குழுவினர்) நடத்திய தாக்குதல். ஹூதிகள் பணத்துக்காக ஏறும் கொள்ளையர் அல்ல, அது போர். 2023 நவம்பரில் அவர்கள் பிடித்த 'கேலக்ஸி லீடர்' மாலுமிகள் 2025 ஜனவரியில்தான் விடுதலையானார்கள். அமெரிக்கா அமைத்த பாதுகாப்பு அணியில் சீனாவும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. ஏவுகணை தாக்கிய கப்பலிலிருந்து ஆட்களை மீட்கக் கடற்படை வரும். 2024 மார்ச்சில் ஏடன் வளைகுடாவில் ஐ.என்.எஸ். கொல்கத்தா அப்படி 21 பேரை மீட்டது. ஆனால் தாக்குதலைத் தடுக்க எல்லா நாடும் சேர்ந்து நிற்கும் என்று நம்ப வேண்டாம். அதனால் கப்பல், ஏடன் வளைகுடாவிலிருந்து செங்கடலுக்குள் நுழையும் பாப் எல் மண்டெப் நீரிணையைத் தாண்டுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இனி அந்த 40,000 ரூபாய். தயவுசெய்து கொடுக்காதீர்கள். கடற்படை வழித்துணைக்கு மாலுமி ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. வேலை வாங்கித் தருவதற்கே ஏஜென்ட் மாலுமியிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்பதுதான் விதி. இப்படிக் கேட்பவர், மகனுக்கு ஏதாவது நேர்ந்தால் போனை எடுக்க மாட்டார். அவருடைய ஆர்.பி.எஸ்.எல். (மாலுமிகளை வேலைக்கு அனுப்புவதற்கான அரசு உரிமம்) எண்ணைக் கேளுங்கள். கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் அது இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லையென்றால் பாஸ்போர்ட்டையும் சி.டி.சி.யையும் (மாலுமியின் கடற்பணிப் பதிவேடு) அவர் கையில் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே போய்த் திரும்ப வாங்குங்கள்.