அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் ஒருபால் திருமண விஷயத்தில் நிஜமாகவே வேறுபட்டார்களா?

"இரண்டு கட்சிக்காரர்களும் பல வருஷம் ஒரே பதிலைத்தானே சொன்னார்கள், அப்புறம் யார் வந்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2004 தேர்தல் சமயத்தில் என் கணவரிடம் நானும் இதையேதான் கேட்டேன். அப்போது ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரில் குடியிருந்தோம். எங்களுக்கு ஓட்டு கிடையாது. அவருக்கு ஹெச்-1பி விசா, அவர் மனைவி என்ற ஒரே காரணத்தால் எனக்கு ஹெச்-4.

எங்களுக்கு மேல்மாடியில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பதினோரு வருஷமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஒருவர் பள்ளி ஆசிரியை. இன்னொருவருக்கு அந்த வருஷம் வேலை போனது, வேலையோடு மருத்துவக் காப்பீடும் போனது. அவருக்குச் சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். ஆசிரியையின் காப்பீட்டில் அவர் பெயரைச் சேர்க்க வழியில்லை, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒருவருக்கொருவர் யாருமே இல்லை. நானோ விமானத்திலிருந்து இறங்கிய இரண்டாவது வாரமே என் கணவரின் காப்பீட்டில் சேர்ந்துவிட்டேன். அந்த நாட்டில் ஒரு நாள்கூட வேலை செய்யாதவள், கையில் இருந்தது திருமணப் பதிவுச் சான்றிதழ் மட்டும். மத்திய அரசுச் சட்டங்களில் கணவன், மனைவி என்ற நிலை கணக்கில் வரும் இடங்கள் 1,138 என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு அதே 2004-இல் எண்ணிச் சொன்னது. அந்த எண்ணைப் படித்த அன்று என் சான்றிதழை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷும் ஜனநாயகக் கட்சியின் ஜான் கெரியும் போட்டி. திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்று இருவருமே சொன்னார்கள். அந்த ஒரு வரியை மட்டும் கேட்டவர்களுக்கு இருவரும் ஒன்றுதான் என்று தோன்றியிருக்கும். ஆனால் புஷ் பிப்ரவரியிலேயே ஒருபால் திருமணத்தைத் தடுக்க அமெரிக்க அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டும் என்று அறிவித்திருந்தார். கெரி அந்தத் திருத்தத்தை எதிர்த்தார், திருமணம் என்ற பெயர் இல்லாமல் அதே உரிமைகளைத் தரும் சிவில் யூனியனை ஆதரித்தார். 1996-இல் அப்போதைய அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட, ஒருபால் திருமணத்தை மத்திய அரசு ஏற்காது என்ற திருமணப் பாதுகாப்புச் சட்டத்தை செனட்டில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் 14 பேர்தான், அதில் கெரி ஒருவர். (ஆதரித்த 85 பேரில் ஜோ பைடனும் உண்டு.) அதே கெரி, தன் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸில் திருமணத்தைத் தடுத்து சிவில் யூனியன் தரும் மாநிலத் திருத்தம் வந்தால் ஆதரிப்பேன் என்றும் சொன்னார். அவரை வீரராகக் காட்ட நான் முயலவில்லை. ஒரே வாக்கியத்தைச் சொன்ன இருவரில் ஒருவர் கதவுக்குப் பூட்டுப் போடக் கிளம்பினார், மற்றவர் பூட்டு வேண்டாம் என்றார். மேல்மாடிப் பெண்களுக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தேர்தல் நாளான நவம்பர் 2-ஆம் தேதி, 11 மாநிலங்கள் மக்கள் ஓட்டின் வழியாக ஒருபால் திருமணத்தைத் தடை செய்து தங்கள் சாசனத்தைத் திருத்தின. ஒஹாயோ அதில் ஒன்று. எங்கள் மாநிலத்தின் திருத்தம் திருமணத்தோடு நிற்கவில்லை, திருமணத்தைப் போன்ற எந்த சட்ட அந்தஸ்தும் கூடாது என்றது. ஏறக்குறைய 62 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். மறுநாள் காலை தபால் பெட்டி பக்கம் ஆசிரியையைப் பார்த்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். "நேற்று ஓட்டுப் போட்டவர்களில் என் மாணவர்களின் அம்மா அப்பாக்களும் இருப்பார்கள், இல்லையா?" என்று கேட்டார். அடுத்த கோடையில் மாசசூசெட்ஸுக்கு வீடு மாறினார்கள். அங்கே 2004 மே மாதத்திலிருந்தே ஒருபால் ஜோடிகள் சட்டப்படி திருமணம் செய்துகொள்ள முடிந்தது. காப்பீட்டுக்காக ஊரையும் வேலையையும் விட்டுப் போனார்கள்.

2008-இல் எனக்கு வந்தது கோபம். பராக் ஒபாமா 1996-இல் இல்லினாய் மாநில செனட் வேட்பாளராக நின்றபோது, ஒரு கேள்வித்தாளில் ஒருபால் திருமணத்தைச் சட்டபூர்வமாக்க ஆதரவு என்று எழுத்தில் கொடுத்தவர். அதிபர் வேட்பாளரானதும் பாதிரியார் ரிக் வாரனின் மேடையில், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்றார். அவர் மனம் மாறிவிட்டது என்று நான் ஒரு கணமும் நம்பவில்லை. எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்னும் அதே வரையறையைத்தான் சொன்னார். ஆனால் புஷ் கேட்ட தேசியத் திருத்தத்தை, தன் கட்சியின் அதிபர் கேட்டும், செனட்டில் எதிர்த்தவர் அவர். கலிபோர்னியாவில் தடை கொண்டுவர மக்கள் ஓட்டுக்கு விடப்பட்ட எட்டாம் முன்மொழிவை மெக்கெய்ன் ஆதரித்தார், ஒபாமா எதிர்த்தார். அது 52 சதவீதத்தோடு நிறைவேறியது. ஒபாமா பெருவாரியாக ஜெயித்த அதே மாநிலத்தில், அதே நாளில்.

முதல் முறையாகச் சொல்லும் வாக்கியமே பிரிந்தது 2012-இல்தான். மே 6 அன்று துணை அதிபர் பைடன் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தனக்கு இதில் எந்தத் தயக்கமும் இல்லை என்று முந்திக்கொண்டார். மே 8 அன்று வட கரோலினா தடைத் திருத்தத்தை நிறைவேற்றியது. மே 9 அன்று ஒபாமா ஒருபால் ஜோடிகள் திருமணம் செய்துகொள்ள முடிய வேண்டும் என்றார். அவரை எதிர்த்து நின்ற மிட் ராம்னி எதிர்ப்பில் உறுதியாக நின்றார், தேசியத் திருத்தமும் வேண்டும் என்றார். இந்த விஷயத்துக்காகவே ஒபாமா தோற்பார் என்று அப்போது பலர் பேசினார்கள். தோற்கவில்லை.

உங்கள் கேள்விக்கு நான் கொடுக்கும் முக்கியமான பதில் இனிமேல்தான். 2015 ஜூன் 26 அன்று நாடு முழுவதும் ஒருபால் திருமணத்தை உறுதி செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 5-க்கு 4. வழக்குப் போட்ட ஜிம் ஓபர்கஃபெல் ஒஹாயோக்காரர். சாகும் தறுவாயில் இருந்த தன் இணையை மருத்துவ விமானத்தில் மேரிலாந்துக்குக் கொண்டுபோய், ஓடுபாதையில் நின்ற விமானத்துக்குள்ளேயே மணந்தவர். இறப்புச் சான்றிதழில் கணவர் என்று தன் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அந்த ஐந்து நீதிபதிகளை யார் நியமித்தார்கள் என்று பாருங்கள். ஒருவர் ரீகன் நியமித்த கென்னடி. இருவர் கிளின்டன் நியமித்தவர்கள், ஆமாம், 1996-இல் தடைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட அதே கிளின்டன். மற்ற இருவர் ஒபாமா நியமித்தவர்கள். 2004-இல் ஜெயித்த பிறகு புஷ் நியமித்த ராபர்ட்ஸ், அலிட்டோ இருவரும் எதிர்ப்பக்கம். மேடையில் ஒரே வாக்கியத்தைச் சொன்ன வேட்பாளர்கள், பதினோரு வருஷம் கழித்து நீதிபதிகளின் வழியாக இரண்டு வெவ்வேறு பதில்களைச் சொன்னார்கள்.

அதனால்தான் டொனால்ட் டிரம்ப் 2016 நவம்பரில், ஜெயித்த கையோடு, இது முடிந்துபோன விஷயம், எனக்குப் பிரச்சினை இல்லை என்று சொன்னபோது எனக்கு நிம்மதி வரவில்லை. அந்த வருஷ ஆரம்பத்தில்தான், இந்தத் தீர்ப்பை மாற்றும் நீதிபதிகளை நியமிப்பதைத் தீவிரமாக யோசிப்பேன் என்றிருந்தார். அவர் முதல் ஆட்சியில் மூன்று நீதிபதிகளை நியமித்தார். 2022-இல் கருக்கலைப்புத் தீர்ப்பில் நீதிபதி தாமஸ், ஒருபால் திருமணத் தீர்ப்பையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதினார். அந்தப் பயத்தில்தான் அதே வருஷம் டிசம்பரில் திருமண மரியாதைச் சட்டம் வந்தது. செனட்டில் குடியரசுக் கட்சியிலிருந்தும் 12 பேர் ஆதரித்தார்கள், பைடன் கையெழுத்திட்டு 1996 சட்டத்துக்கு முடிவு கட்டினார். செனட் வேட்பாளராக இருந்த ஜே.டி. வான்ஸ் அதை எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்றார். கமலா ஹாரிஸ் 2004-லேயே சான் பிரான்சிஸ்கோவில் ஒருபால் ஜோடிகளுக்குத் திருமணம் செய்து வைத்தவர். 2024-இல் ஒரு பக்கம் ஹாரிஸ், மறு பக்கம் டிரம்பும் அவருடைய துணை அதிபர் வேட்பாளர் வான்ஸும். அந்தப் பிரச்சாரத்தில் இந்த விஷயம் அதிகம் பேசப்படவில்லை என்பதால் வித்தியாசம் இல்லாமல் போய்விடவில்லை.

ஒன்று கவனியுங்கள். 2022 சட்டம், நடந்த திருமணத்தை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்கிறது. திருமணம் செய்து வைத்தே ஆக வேண்டும் என்று எந்த மாநிலத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒஹாயோ சாசனத்தில் 2004-இல் எழுதிய வரி இன்னும் அழிக்கப்படவில்லை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் கீழ் செயலற்றுக் கிடக்கிறது. நான் இப்போதும் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறேன், இப்போது ஓட்டும் இருக்கிறது. மாநில சட்டமன்ற வேட்பாளர்கள் கதவைத் தட்டும்போது திருமணத்தைப் பற்றி அவர்கள் நம்பிக்கை என்ன என்று நான் கேட்பதில்லை. அந்த வரியை எடுக்க ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்கிறேன். பாதிப் பேர் தங்கள் நம்பிக்கையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். நான் மறுபடியும் அதையே கேட்பேன்.