அறை கிடைக்கும் வரை என்ன செய்வது?

கேள்வி: ஜூலை விடுமுறைக்கு அம்மா, இரண்டு பிள்ளைகளோடு இங்கே மொரிஷியஸின் கிழக்குக் கரையில், பெல் மாரில் ஒரு ரிசார்ட்டில் அறை எடுத்திருக்கிறோம். அறை பிற்பகல் 2 மணிக்குத்தானாம். காலையிலேயே போனால் சும்மா காத்துக் கிடக்க வேண்டியதுதானா?
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: தாராளமாகக் காலையிலேயே போங்கள். பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்தால் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள், அறை தயாராகும்வரை நீச்சல் குளத்தையும் கடற்கரையையும் பெரும்பாலான இடங்களில் பயன்படுத்த விடுவார்கள். அதனால் நீச்சலுடை, துண்டு, அம்மாவின் மாத்திரை எல்லாம் தனியாக ஒரு கைப்பையில் இருக்கட்டும். எல்லோர் கண்முன்னும் பெரிய பெட்டியைத் திறந்து குடைவதைப் போல எரிச்சல் வேறில்லை. உள்ளூர்வாசிகளுக்கான சலுகை விலையில் எடுத்திருந்தால் பெரியவர்களின் அடையாள அட்டையைக் கேட்பார்கள், மறக்காதீர்கள். சாப்பாடும் சேர்ந்த பேக்கேஜ் என்றால் அன்றைய மதியச் சாப்பாடு கணக்கில் உண்டா என்று முன்பே போன் போட்டுக் கேளுங்கள். அப்படியே அம்மாவுக்குப் படியேறாத தரைத்தள அறையும் கேட்டுவிடுங்கள், வந்திறங்கிய பிறகு கேட்டால் கிடைப்பது சந்தேகம்.

அப்புறம், காற்று. நமக்கு ஜூலை குளிர்காலம். அப்போது தென்கிழக்குக் காற்று நேரே அடிப்பது கிழக்குக் கரையில்தான், குளத்தைவிட்டு ஏறினால் பிள்ளைகளுக்குக் குளிரில் பல் தந்தியடிக்கும். இன்னும் பணம் கட்டவில்லை என்றால் நான் மேற்கே ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் பக்கம்தான் பார்ப்பேன். கட்டியாயிற்றா, சரி, ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் இறங்க ரப்பர் செருப்பும் வேண்டும், பவளப்பாறை காலைக் கிழிக்கும், கடல் முள்ளெலி (உடம்பெல்லாம் முள்ளுள்ள உருண்டையான கடல் பிராணி) குத்தினாலோ முள் உள்ளேயே ஒடிந்து நிற்கும்.