கொச்சி பினாலே ‘லாப நோக்கமற்றது’ என்றால் என்ன அர்த்தம்?

களியக்காவிளைப் பக்கம் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வீடு வீடாக வரி பிரிப்பார்கள். பந்தல்காரர், மேளக்காரர் கூலி போக மிச்சம் அடுத்த கொடைக்கு. யாரும் பங்கு போடுவதில்லை. லாப நோக்கமற்ற அமைப்பும் அப்படித்தான்.

இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் கலைக் கண்காட்சிதான் பினாலே. ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் 2010இல் அறக்கட்டளை தொடங்க, 12-12-2012 அன்று முதல் பினாலே திறந்தது. அதன் முக்கிய இடம் ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் ஹவுஸ், மிளகும் தேங்காயெண்ணெயும் வியாபாரம் செய்த பழைய கம்பெனி வளாகம்.

ஏன் லாபம் வேண்டாம்? விற்பதற்கென்றால் விலைபோகும் படம்தான் சுவரேறும். 2016இல் சிலி கவிஞர் ராவுல் சுரீட்டா இங்கே ஒரு கிடங்கில் தண்ணீர் நிரப்பினார். ஜனங்கள் கால் நனைய நடந்து சுவரிலிருந்த கவிதையை வாசித்தார்கள். அதை யார் வாங்கி வீட்டில் மாட்டுவது?

சரி, அப்புறம் எதற்கு டிக்கெட் என்கிறார்கள். லாப நோக்கமற்றது என்றால் இலவசம் என்றோ, வேலை செய்பவருக்குச் சம்பளம் கிடையாது என்றோ பொருளில்லை.