ரெமிஷனா, ரெமிட்டன்ஸா?

கேள்வி: போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். பாக்கிப் பணத்தை அனுப்பச் சொல்லி எர்ணாகுளம் வியாபாரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் போட்டேன். அதில் ‘ரெமிஷன்’ என்று எழுதிவிட்டேன். அவர் போன் செய்து, “பாக்கியைத் தள்ளுபடி பண்ணிட்டீங்களா?” என்கிறார். முதலாளியிடம் நல்ல ஏச்சு. பெர்மிட்–பெர்மிஷன் மாதிரிதானே ரெமிட்–ரெமிஷனும்? லாரி ரசீதிலும் கன்ஸைனர், கன்ஸைனி எனக்கு அடிக்கடி மாறிப்போகிறது, ஐயா.

பதில்: நீங்கள் யோசித்த விதம் சரிதான். பெர்மிட், அட்மிட், சப்மிட் எல்லாமே ‘மிஷன்’ என்றுதான் முடிகின்றன. ஆனால் ரெமிட்டில் வழி இரண்டாகப் பிரிகிறது.

லத்தீனில் ‘மித்தெரே’ என்றால் அனுப்புதல். முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் திருப்பி அனுப்புதல். இழுத்துக் கட்டிய கயிற்றைத் தளர்த்துவதற்கும் அதே சொல்தான். ஆங்கிலம் இந்த இரண்டு பொருளையும் இரண்டு வாலில் கட்டிவிட்டது. பணம் அனுப்பினால் ரெமிட்டன்ஸ். பிடி தளர்ந்தால் ரெமிஷன். கைதிக்குக் கிடைக்கும் தண்டனைக் குறைப்பு, வரித் தள்ளுபடி, புற்றுநோய் தணிந்திருக்கும் நிலை எல்லாம் ரெமிஷன்தான். எர்ணாகுளத்துக்காரர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

அட்மிட்டிலும் இதே கதை. கல்லூரியில் சேர்ந்தால் அட்மிஷன்; குடோன் கதவில் ‘உள்ளே வராதே’ என்பதற்கு நோ அட்மிட்டன்ஸ்.

வேர் ஒன்று, பொருள் வேறு என்பது உங்கள் ஊருக்குப் புதிதில்லை. போடியில் ‘அவசரம்’ என்றால் வேகம். போடிமெட்டு ஏறி இறங்கினால் மலையாளத்தில் அதுவே வாய்ப்பு. இங்கே சம்சாரம் மனைவி, அங்கே பேச்சு.

அடுத்து லாரி ரசீது. லத்தீனில் ‘சிக்னும்’ என்றால் அடையாளம்; ‘கன்ஸைன்’ முதலில் முத்திரை இடுவதைக் குறித்தது. மூட்டையைத் தைத்து மார்க் போட்டு அனுப்புகிறவர் கன்ஸைனர், இறக்கிக்கொள்கிறவர் கன்ஸைனி. எம்ப்ளாயர்–எம்ப்ளாயீ மாதிரி, ‘ஈ’ என்று முடிந்தால் பெறுகிற பக்கம். உங்களுக்குக் குழப்பம் வரக் காரணம், ஒரே கடை இரண்டு பக்கமும் நிற்பதுதான். வண்டன்மேட்டிலிருந்து காய் வரும்போது உங்கள் கடை கன்ஸைனி. அதையே தரம் பிரித்து எர்ணாகுளத்துக்கு ஏற்றும்போது கன்ஸைனர். கடைப் பெயரை மனப்பாடமாக ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். லாரி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

எர்ணாகுளத்துக்கு இன்றே இன்னொரு கடிதம் போடுங்கள். முந்தைய கடிதத்தில் வந்தது சொற்பிழை, பாக்கி அப்படியே நிற்கிறது என்று தொகை, பில் எண், தேதியோடு எழுதுங்கள். போனில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். அந்தப் பழைய கடிதம் அவர் ஃபைலில் இருக்கிறது.